சாம்மி டேவிஸ்: பந்தயத்தில் ஓட்டி, பத்திரிகையில் எழுதியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்களைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தொழிலுக்கு முதலில் பாதை போட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் எஸ்.சி.எச். டேவிஸ். அவரைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், படிக்கத் தொடங்கியபோது எனக்கே எழுந்த கேள்விகளையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

யார் இந்த சாம்மி டேவிஸ்?

முழுப் பெயர் சிட்னி சார்லஸ் ஹௌட்டன் டேவிஸ். எல்லோரும் கூப்பிட்டது சாம்மி என்றுதான். 1887 ஜனவரி 9-இல் லண்டனில் பிறந்தார். 1981-இல் அதே ஜனவரி 9 அன்று, 94 வயது நிறைந்த நாளில் காலமானார். 'ஆட்டோகார்' வார இதழின் விளையாட்டு ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1927-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை பென்ட்லி காரில் வென்ற இருவரில் ஒருவர். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் ஓவியம் படித்தவராமே? கார் பக்கம் எப்படி வந்தார்?

ஆமாம், லண்டனில் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் படித்தவர். அப்புறம் 1906-இல் டெய்ம்லர் கார் கம்பெனியில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பழகுநர் என்றால் கையில் எண்ணெயும் கரியும் படிய, ராவியும் தட்டியும் வேலை கற்றுக்கொள்கிறவர். 1910-இல் கார் பொறியியலுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டபோது படம் வரையத் தெரிந்த, எஞ்சினும் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். டேவிஸுக்கு இரண்டும் தெரியும். ஒரு எஞ்சினின் குறுக்குவெட்டை வரைய வேண்டுமானால் உள்ளே எந்தப் பாகம் எதைத் தள்ளுகிறது, எது எதை இழுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் கோடு போட முடியாது. எழுதும்போது அவருக்கு இருந்த துல்லியம் அந்தப் படம் வரையும் வேலையிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில், கவச கார்கள் ஓட்டும் படையில் இருந்தார். கடற்படைக்கு எதற்குக் கவச கார் என்று கேட்கலாம். விமானத் தளங்களைக் காக்கவும், தரையிறங்கி மாட்டிக்கொண்ட விமானிகளை மீட்கவும் அந்தக் கார்கள் தேவைப்பட்டன. போர் முடிந்து வந்ததும் 'ஆட்டோகார்' வேலை.

'ஆட்டோகார்' எப்படிப்பட்ட பத்திரிகை?

1895 நவம்பரில் தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கும் வார இதழ். உலகின் மிகப் பழைய கார் பத்திரிகை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. தொடங்கியபோது பிரிட்டனில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கார் சாலையில் போனால் முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும் என்ற சட்டம் அப்போது இன்னும் இருந்தது. ஒரு வருடம் கழித்து, 1896-இல்தான் அது நீக்கப்பட்டது. ஆக, ஓட்டுவதற்கே வழி இல்லாத காலத்தில் ஒரு கார் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார்கள்.

டேவிஸ் அதில் 'காஸ்க்' என்ற புனைபெயரில் எழுதினார். பிரெஞ்சு மொழியில் அதற்குத் தலைக்கவசம் என்று பொருள். அவருக்கு அந்தப் பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அப்போது ரேடியோவில் பந்தய வர்ணனை கிடையாதா?

பிபிசி 1922-இல் தொடங்கியது. ஆனால் மைதானத்திலிருந்து நேரடி விளையாட்டு வர்ணனை 1927 ஜனவரியில்தான் அங்கே ஆரம்பமானது. பத்திரிகை விற்பனை அடிபடும் என்று செய்தித்தாள் முதலாளிகள் அதுவரை ரேடியோவுக்குக் கட்டுப்பாடு போட்டு வைத்திருந்தார்கள். டிவி இன்னும் வரவில்லை. ஆகவே பிரான்சில் ஒரு கார் இரவெல்லாம் எப்படி ஓடியது என்பது லண்டனில் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமானால், அங்கே நின்று பார்த்த ஒருவர் எழுத வேண்டும். முடிவு நாளிதழில் வந்துவிடும். எந்தத் திருப்பத்தில் என்ன நடந்தது, பிரேக் எப்போது கைவிட்டது, இரவில் மழை எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் வார இதழ்தான் கதி. அதனால்தான் ஒரு பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியருக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தது.

பத்திரிகையாளர் எப்படிப் பந்தயக் கார் ஓட்டப் போனார்?

அன்று இரண்டுக்கும் நடுவே இன்றுபோலச் சுவர் கிடையாது. ஓட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். இடை வழியில் கார் நின்றால் இறங்கிச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் பேர். டேவிஸுக்கு இரண்டும் வரும். 1922-இல் ஆஸ்டன் மார்ட்டின் தன் சிறிய காரை புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் பதினாறரை மணி நேரம் விடாமல் ஓட்டி நீண்ட தூரச் சாதனைகளைப் படைத்தது. மாறி மாறி ஓட்டியவர்களில் டேவிஸும் உண்டு. புரூக்லண்ட்ஸ் என்பது லண்டனுக்கு அருகே 1907-இல் திறக்கப்பட்ட ஓடுதளம். கார் ஓட்டத்துக்கென்றே காங்கிரீட்டில், கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சாய்ந்த வளைவுகளோடு கட்டியது. போகப்போக அந்தக் காங்கிரீட் மேடும் பள்ளமுமாகிவிட்டது. அதில் மணிக்கணக்கில் ஓட்டினால் உடம்பு என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1925-இல் லெ மானுக்கு சன்பீம் காரில் போனார். கூட ஓட்டியவர் பிரெஞ்சுக்காரர் ழான் ஷசான்ய். இரண்டாமிடம் பிடித்தார்கள். ஷசான்ய் பெயரை நினைவில் வையுங்கள், இன்னொரு முறை வரப் போகிறார்.

1926-இல் தோற்றது அவரால்தான் என்கிறார்களே?

கடைசி நிமிடத்தில் கார் மணலில் புதைந்தது அவர் கையில்தான், அது உண்மை. ஆனால் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். அந்த வருடம் பென்ட்லி மூன்று கார்களை அனுப்பியது. இரண்டு முன்பே நின்றுவிட்டன. டேவிஸும் டாக்டர் பெஞ்சஃபீல்டும் ஓட்டிய ஏழாம் எண் கார் மட்டும் மிச்சம். 24 மணி நேரம் முடிய அரை மணி கூட இல்லை. முன்னால் போன லோரேன் என்ற பிரெஞ்சுக் காரைப் பிடிக்க விரட்டினார். பிரேக் அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் வரும் முல்சான் திருப்பத்தில் கார் நிற்காமல் மணல்மேட்டில் போய்ச் செருகிக்கொண்டது. தோண்டிப் பார்த்தும் எடுக்க முடியவில்லை. முதல் மூன்று இடங்களும் லோரேன் கார்களுக்கே போயின.

வேகத்தைக் குறைத்திருந்தால் ஓட்டத்தை முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வருடம் அவர் ஓட்டிய விதத்தைப் பார்த்தால், அந்த மணல்மேட்டை அவர் மறக்கவே இல்லை என்று தெரிகிறது.

1927 லெ மானில் அப்படி என்னதான் நடந்தது?

அந்தத் தேதி ஜூன் 18, சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு 22 கார்கள் கிளம்பின. பென்ட்லிக்கு இந்த முறையும் மூன்று கார். புதிய நாலரை லிட்டர் எஞ்சின் கார் ஒன்று, பழைய மூன்று லிட்டர் கார்கள் இரண்டு. டேவிஸும் பெஞ்சஃபீல்டும் எடுத்தது போன வருடம் மணலில் மாட்டிய அதே கார். இந்த முறை அதன் எண் 3 என்றாலும், 'பழைய ஏழாம் எண்' என்றே அதைக் கூப்பிட்டார்கள்.

இருட்டிவிட்டது. இரவு ஒன்பதரை தாண்டிய நேரம். ஓடுதளத்தில் 'வெள்ளை வீடு' என்று பெயர் பெற்ற ஒரு பண்ணை வீட்டருகே வளைவு ஒன்று உண்டு. ஷ்னெய்டர் என்ற பிரெஞ்சுக் கார் அங்கே கட்டுப்பாடு இழந்து சாலையின் குறுக்கே நின்றது. பின்னால் முன்னணியில் வந்த நாலரை லிட்டர் பென்ட்லி அதைத் தவிர்க்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அடுத்து வந்த இன்னொரு பென்ட்லி அதன் மேல் மோதியது. அதை ஓட்டியவர் ஜார்ஜ் டல்லர், குதிரைப் பந்தயத்தில் பேர் பெற்ற ஜாக்கி.

மூன்றாவதாக வந்தவர் டேவிஸ். வளைவு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையில் மண்ணும் மரச் சிராய்களும் சிதறிக் கிடந்தது கண்ணில் பட்டது. போன சுற்றில் அவை அங்கே இல்லை. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த எச்சரிக்கை. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வளைந்து திரும்பினால் எதிரே நொறுங்கிய கார்களின் குவியல். முழு பிரேக்கும் பிடித்தார், கார் பக்கவாட்டில் சறுக்கிப் போய் மோதியது. அந்தக் கண நேர எச்சரிக்கை இல்லாதிருந்தால் மூன்று பென்ட்லிகளும் அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் குவியலில் யாரும் உயிரிழக்கவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம்.

என்னை மிகவும் பிடித்து இழுப்பது அந்த மண்தான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம், இரவு, தலைக்குமேல் கூரை கிடையாது, கண்ணில் கண்ணாடி. அந்த நிலையில் தரையில் கிடந்த கொஞ்சம் மண்ணைப் பார்த்து 'முன்னால் ஏதோ ஆகியிருக்கிறது' என்று படிக்க முடிகிறது. வருடக்கணக்காகப் பந்தயங்களை உற்றுப் பார்த்து எழுதிய கண் அது.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஓடியதா?

ஓடியது. அதுதான் கதையே. மற்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, காரைப் பின்னால் எடுத்து, தள்ளாடித் தள்ளாடி, ஓடுதளத்தின் ஓரம் கார்களைப் பழுதுபார்க்கும் இடமான 'பிட்'டுக்குக் கொண்டுவந்தார். வலது முன் சக்கரம் கோணிவிட்டது, முன் ஆக்சில் வளைந்திருந்தது, சேஸிஸும் நெளிந்திருந்தது. மட்கார்டு நசுங்கி, அந்தப் பக்க ஹெட்லைட் உடைந்து, பேட்டரிப் பெட்டி பிடிப்பு விட்டுத் தொங்கியது.

விதி என்னவென்றால் ஓட்டுநர்தான் வேலை செய்ய வேண்டும். மெக்கானிக்குகள் பிட்டில் நின்று பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. டெய்ம்லரில் பழகிய கை இங்கே வேலைக்கு வந்தது. சக்கரத்தை மாற்றினார், நசுங்கியதை நிமிர்த்தினார், தொங்கியதைக் கம்பியாலும் வாராலும் கட்டினார். நம்ம ஊர் லாரி டிரைவர் நடுவழியில் கயிறும் கம்பியும் வைத்துக் கட்டி வண்டியை ஊர் சேர்ப்பாரே, அதே வேலை. ஏறக்குறைய அரை மணி நேரம் போனது. போன வெளிச்சத்துக்குப் பதிலாக ஒரு டார்ச்சைக் காரில் வாரால் கட்டிக்கொண்டு மழையில் மறுபடி கிளம்பினார்கள்.

அப்போது முன்னணியில் இருந்தது ஏரீஸ் என்ற பிரெஞ்சுக் கார். அதை ஓட்டிய இருவரில் ஒருவர் அதே ஷசான்ய், இரண்டு வருடம் முன்பு டேவிஸோடு சன்பீம் ஓட்டியவர். ஏரீஸ் பல சுற்றுகள் முன்னே போயிருந்தது. கோணல் காரில், ஒற்றைக் கண்ணில், டேவிஸும் டாக்டரும் இரவெல்லாம் விடாமல் துரத்தினார்கள். ஞாயிறு மதியம், முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஏரீஸ் பழுதாகி நின்றது.

பென்ட்லி 137 சுற்றுகள், சுமார் 2,370 கிலோமீட்டர் ஓடி வென்றது. இரண்டாவதாக வந்த சால்ம்சன் 20 சுற்றுகள் பின்னால். கிளம்பிய 22-இல் ஓட்டத்தை முடித்தவை ஏழே ஏழு.

காரையே ஓட்டலுக்குள் கொண்டு வந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. வெற்றிக்குப் பிறகு லண்டன் சவாய் ஓட்டலில் 'ஆட்டோகார்' உரிமையாளர் சர் எட்வர்ட் இலிஃப் விருந்து வைத்தார். இந்த விருந்துக்கு வர வேண்டிய ஒருவர் இன்னும் வரவில்லை என்ற பொருள்பட அவர் பேசியதும் கதவுகள் திறந்தன, அடிபட்ட கோலத்திலேயே அந்தக் கார் உள்ளே வந்தது. கழுவி மெருகேற்றி நிறுத்தாமல் காயத்தோடு கொண்டு வந்ததுதான் எனக்குப் பிடித்தது.

தான் ஓட்டிய காரைப் பற்றித் தன் பத்திரிகையில் வருவது சரியா?

நியாயமான கேள்வி. ஒரு கம்பெனியின் காரில் பந்தயம் ஓட்டுகிறார், அந்தக் கம்பெனியின் கார்களைப் பற்றி எழுதும் பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறார், வெற்றி விருந்தும் பத்திரிகை முதலாளி செலவு. இன்று எந்த ஆசிரியரும் இதை அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. கூடவே உட்கார்ந்து சாப்பிடும் குழுவின் குறையை எழுதப் பேனா தயங்கத்தான் செய்யும்.

இருந்தாலும் அன்று இன்னொரு தேவை இருந்தது. கார் என்பதே புதிது. பிரேக் தேய்ந்தால் ஓட்டுகிறவரின் காலுக்கு எப்படித் தெரியும், இரவில் எதை வைத்து வளைவைக் கணிக்க வேண்டும் என்பதை வாசகருக்குச் சொல்ல, செய்து பார்த்தவர் வேண்டும். அதை டேவிஸ் கொடுத்தார். தன் தவறுகளையும் மறைக்காமல் எழுதினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வரவு என்றே நான் கருதுகிறேன்.

லெ மான் தவிர வேறு பெரிய வெற்றி உண்டா?

1930 அக்டோபரில் புரூக்லண்ட்ஸில் நடந்த 500 மைல் பந்தயம். அதில் டேவிஸ் ஓட்டியது 747 சிசி ஆஸ்டின் செவன், ஒரு குட்டிக் கார். உடன் ஓட்டியவர் இளம் பிரபு, மார்ச் கோமகன். சின்ன கார்களை முன்னாலும் பெரிய கார்களைப் பின்னாலும் கிளப்பிவிடும் முறை. ஆஸ்டின் சராசரியாக மணிக்கு 83.41 மைல், அதாவது சுமார் 134 கிலோமீட்டர் வேகத்தில் 500 மைலையும் ஓடி முதலாவதாக வந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய ராட்சச பென்ட்லி 112 மைல் சராசரியில் துரத்தியும் பிடிக்க முடியாமல் இரண்டாவதாக வந்தது. அந்த பென்ட்லியில் இருந்தவர்களில் ஒருவர், லெ மானில் இவரோடு ஓட்டிய அதே டாக்டர் பெஞ்சஃபீல்ட்!

பெரிய விபத்து எதுவும் நேரவில்லையா?

நேர்ந்தது. 1931 ஈஸ்டர் சமயத்தில் புரூக்லண்ட்ஸில் இன்விக்டா கார் சறுக்கித் தந்திக் கம்பத்தில் மோதியது. கால் பலமாக முறிந்து நெடுநாள் படுக்கையில் இருந்தார். அதன் பிறகு முன்போல ஓட்டவில்லை, எழுத்துத்தான் முழு வேலை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஐம்பது வயது தாண்டியிருந்தும் மறுபடி ராணுவத்தில் சேர்ந்து, வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பிரிவில் பணிசெய்தார்.

பெண் பந்தய ஓட்டுநர்களைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெண்கள் ஓட்டுவதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர்களோடு ஒரே தளத்தில் ஓடிப் பார்த்தவர் அவர்.

இவருக்குப் பிறகு இந்த வழியில் யார் வந்தார்கள்?

ரேடியோவும் டிவியும் வந்த பிறகு அதே வார்ப்பில் இருவர். ஜான் போல்ஸ்டர் 1949-இல் சில்வர்ஸ்டோனில் பலத்த அடிபட்டுப் பந்தயத்தை விட்டவர். பிறகு பத்திரிகையில் கார்களைச் சோதித்து எழுதினார், பிபிசிக்காகப் பந்தயங்களில் வர்ணனையும் செய்தார். ரேமண்ட் பாக்ஸ்டர் போரில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டியவர், பிபிசியின் கார் செய்தியாளராக மான்டி கார்லோ ராலியில் தாமே பலமுறை கலந்துகொண்டவர். மைக் பிடிப்பவர் ஸ்டியரிங்கையும் பிடித்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு டேவிஸ் காலத்தது.

'பியாட்ரிஸ்' என்பது யார்?

அது ஆள் இல்லை, டேவிஸ் வைத்திருந்த வண்டி. 1897-இல் செய்த லியோன் பொல்லே மூன்று சக்கரக் கார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பயணி முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுகிறவர் அவருக்குப் பின்னால். மோதினால் முதல் அடி விருந்தாளிக்குத்தான். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குத் தோல் பெல்ட். வண்டி நகர வேண்டுமானால் நெம்புகோலால் பின் சக்கரத்தையே பின்னுக்குத் தள்ள வேண்டும், பெல்ட் இறுகி இழுக்கும். முன்னுக்குக் கொண்டுவந்தால் பெல்ட் தளர்ந்து இழுப்பு நின்றுவிடும்.

1896-இல் அந்த நடைச் சட்டம் நீங்கியதைக் கொண்டாடிய லண்டன்–பிரைட்டன் ஓட்டம் 1927-இல் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஓட்டத்துக்கு வந்த நண்பர்களோடு சேர்ந்து 1930-இல், பழைய கார்களைக் காக்க ஒரு சங்கத்தைத் தொடங்கிய மூவரில் டேவிஸும் ஒருவர். அன்று முப்பது வருடம் பழகிய கார் என்றால் காயலான் கடைக்குத்தான் போகும். அவற்றைத் தேடி எடுத்து ஓடவைத்ததால்தான் இன்று நாம் பார்க்க மிச்சமிருக்கிறது.

நவம்பர் குளிரில் பிரைட்டன் சாலையில் அவரும் பியாட்ரிஸை ஓட்டிக்கொண்டு போவார். லெ மானை வென்ற கை, ஒரு தோல் பெல்ட்டை இறுக்கியும் தளர்த்தியும் கடற்கரை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அவரைவிட அந்த வண்டிக்கு வயது பத்துதான் குறைவு.